இராட்சதர் யார்? வெட்டுக்கிளி யார்?

வேத பகுதி: எண்ணாகமம் 13:25-33, யோசுவா 14:6-15

  போடி பட்டணத்திலும், முந்தல், குரங்கணி அடிவாரத்திலும், மலையேறிப் போனால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை ஏலத்தோட்டங்களிலும் இந்தப் பத்திரிகையை வாசிக்கிற ஒவ்வொரு குடும்பத்தையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.

கொஞ்ச நாட்களாக வீட்டுக்கூட்டங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "பாஸ்டர், நெபிலிம்னா யாரு? விழுந்துபோன தூதர்களுக்குப் பிறந்த ராட்சதர்களாமே, இப்பவும் அந்த ரத்தம் பூமியில ஓடுதாமே, நிஜமா?" செல்போனில் வருகிற பிரசங்கங்களைக் கேட்டுவிட்டுக் கேட்கிறார்கள். விஷயம் வெறும் கேள்வியோடு நின்றிருந்தால் நான் இதை எழுதவேண்டிய அவசியம் இல்லை. தோட்ட வேலைக்குப் போகிற ஒரு சகோதரிக்கு ஆறு விரலோடு ஒரு ஆண்பிள்ளை பிறந்தது. ஜெபிக்க வந்த ஒருவர் 2 சாமுவேல் 21-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்து, "இது ராட்சத வித்தின் அடையாளம், குடும்பத்தில் ஏதோ சாபம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பால் குடிக்கிற பிள்ளையைப் பார்த்துப் பெற்ற தாய் பயப்பட்டாள். இதற்குப் பதில் சொல்லாமல் நாம் சும்மா இருக்கலாமா? இருக்கக்கூடாது.

ஆகவே வேதாகமத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வசன எண்ணைச் சொல்லுகிறேன், நீங்களே வாசித்துப் பாருங்கள்.

1. நம்முடைய தமிழ் வார்த்தை

நாம் சபையில் வாசிக்கிற வேதாகமம் 1871-ஆம் வருஷம் வெளிவந்த மொழிபெயர்ப்பு. ஹென்றி பவர் ஐயர் தலைமையில் செய்தது. அதில் ஆதியாகமம் 6:4-இலும், எண்ணாகமம் 13:33-இலும், உபாகமம் 2, 3 அதிகாரங்களிலும் "இராட்சதர்" என்றே வருகிறது. தமிழனுக்கு அந்த வார்த்தையைக் கேட்டதும் என்ன ஞாபகம் வரும்? தெருக்கூத்தில் வருகிற கோரைப்பல், முறுக்கு மீசை, தூங்கி எழாத கும்பகர்ணன். வார்த்தையோடு சேர்ந்து படமும் வந்துவிடுகிறது. ஆனால் எபிரெயத்தில் அந்த இடங்களில் எல்லாம் ஒரே வார்த்தை இல்லை, பாருங்கள்.

ஆதியாகமம் 6:4-இல் இருப்பது நெபிலிம். உபாகமத்தில் ஓக் ராஜாவைப்பற்றிச் சொல்லும்போது இருப்பது ரெப்பாயீம். ஆதியாகமம் 6:4-இன் கடைசியில் பலவான்கள் என்று வருவது கிப்போரீம். ஏனாக்கியர் என்பது ஒரு குலத்தின் பேர். எபிரெயத்தில் "ஆனாக்" என்றால் கழுத்துச் சரடு. நீதிமொழிகள் 1:9-இல் கழுத்துக்குச் சரப்பணி என்கிற இடத்தில் அந்த வார்த்தைதான் இருக்கிறது. நீண்ட கழுத்துக்காரர் என்றோ, சரடு பூண்டவர் என்றோ அர்த்தம் சொல்லுவார்கள்.

நெபிலிம் என்ற வார்த்தை முழு வேதாகமத்திலும் இரண்டே வசனத்தில்தான் வருகிறது. ஆதியாகமம் 6:4-இல் ஒரு தரம், எண்ணாகமம் 13:33-இல் இரண்டு தரம். அவ்வளவுதான். இந்த மூன்று இடத்தை வைத்துக்கொண்டு எத்தனை புஸ்தகம், எத்தனை வீடியோ!

கிறிஸ்துவுக்கு முன்னே கிரேக்க பாஷையில் வேதத்தை மொழிபெயர்த்தவர்கள் அந்த இடத்தில் "கிகாந்தெஸ்" என்று போட்டார்கள். அது கிரேக்கருடைய புராணத்தில் வருகிற பூதாகாரமானவர்களின் பேர். அதைப் பார்த்து லத்தீன், அதைத் தொடர்ந்து 1611-ஆம் வருஷத்து இங்கிலீஷ், பிறகு தமிழ். ஒவ்வொரு பாஷையும் தன் ஊர்ப் பூதத்தின் பேரை வைத்துக்கொண்டது. அதனால்தான் இப்போதுள்ள சில மொழிபெயர்ப்புகள் "நெபிலிம்" என்று எபிரெயப் பேரையே அப்படியே விட்டுவிடுகின்றன.

2. வேரைப் பிடித்து அர்த்தம் சொல்லலாமா?

"நெபிலிம் என்பது நாபால் என்கிற வேரிலிருந்து வந்தது. நாபால் என்றால் விழுதல். ஆகவே நெபிலிம் என்றால் விழுந்துபோன தூதர்களின் பிள்ளைகள்." இப்படித்தான் அந்தப் பிரசங்கங்கள் போகின்றன. கேட்பதற்கு ரொம்ப ஆழமாகத் தோன்றும். எபிரெயம் பேசினால் யார் எதிர்த்துப் பேசமுடியும்?

போடிக்காரர்களே, உங்களுக்குத் தெரிந்த ஒரு காரியத்தைச் சொல்லுகிறேன். நம்ம ஊரில் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. ஸ்பைசஸ் போர்டு இங்கேயும் புத்தடியிலும் கம்ப்யூட்டர் வைத்து நடத்துகிறது. செடிக்குப் பேர் ஏலம். கூவி விற்பதற்கும் பேர் ஏலம். இரண்டுக்கும் ஒரே எழுத்து, ஒரே சத்தம். வெளிதேசத்தான் ஒருவன் அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு, "தமிழர்கள் முதல் முதலாகக் கூவி விற்றது ஏலக்காயைத்தான், அதனாலேதான் ஏலம் என்று பேர்" என்று பிரசங்கித்தால் எவ்வளவு அழகாக இருக்கும்! ஆனால் அது பொய். செடியின் பேர் நம்முடைய பழைய வார்த்தை. கூவி விற்கிற ஏலம் போர்ச்சுகீசியர் வந்த காலத்தில் அவர்களுடைய "லெய்லாவ்" என்கிற வார்த்தையிலிருந்து வந்தது. சத்தம் ஒன்று, பிறப்பு வேறு.

இன்னொன்று பாருங்கள். பழைய தமிழில் நாற்றம் என்றால் நல்ல வாசனை. இன்றைக்கு ஒருத்தர் வீட்டுக்குப் போய், "உங்க சமையல் நல்ல நாற்றம்" என்று சொல்லிப் பாருங்கள், சாப்பாடு கிடைக்காது. வேர் ஒன்று சொல்லும், வழக்கம் வேறொன்று சொல்லும். வார்த்தைக்கு அர்த்தம் கொடுப்பது அது நிற்கிற வாக்கியம்தான். 1961-இல் ஜேம்ஸ் பார் என்கிற வேத பண்டிதர் இதையே ஒரு புஸ்தகமாக எழுதி, வேரை மட்டும் பிடித்து உபதேசம் கட்டுகிறவர்களை எச்சரித்தார்.

இன்னும் சந்தேகமா? நாம் சபையில் கைதட்டிப் பாடுகிற ஒரு நாமத்தையே எடுத்துக்கொள்வோம். யேகோவா ரப்பா! பரிகாரியாகிய கர்த்தர், யாத்திராகமம் 15:26. அல்லேலூயா! அந்த ரப்பா என்பதற்கு என்ன மூன்று எழுத்தோ, அதே மூன்று எழுத்துத்தான் ரெப்பாயீம் என்கிற வார்த்தையிலும் இருக்கிறது. வேரைப் பிடித்துத்தான் அர்த்தம் சொல்லவேண்டும் என்றால், பாசானின் ராஜாவாகிய ஓக் ஒரு டாக்டர் என்று பிரசங்கிக்கவேண்டியது வரும்! சிரிக்காதீர்கள். ஏசாயா 26:14-ஐயும் சங்கீதம் 88:10-ஐயும் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் உண்மையாகவே அந்த வார்த்தையை "வைத்தியர்கள்" என்று எழுதிவிட்டார்கள். எழுத்து ஒன்றாயிருந்ததே காரணம். அவர்களுக்கே அப்படி என்றால், இரண்டு நாள் செமினாரில் எபிரெயம் கற்றவர்கள் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்!

நெபிலிம் என்பது விழுதல் என்கிற வேரிலிருந்து வந்ததாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் "விழுந்த தூதன்" என்று எங்கே எழுதியிருக்கிறது? 1890-இல் வெளிவந்த ஸ்ட்ராங் அகராதியைப் பாஸ்டர்மார் பலரும் வைத்திருக்கிறோம். அதுகூட பிறரை அடித்து வீழ்த்துகிற முரடன் என்கிற கருத்தைத்தான் கொடுக்கிறது. எசேக்கியேல் 32:27-இல் அதே வேர், கிப்போரீம் என்கிற வார்த்தையோடே சேர்ந்து வருகிறது. அங்கே அர்த்தம் என்ன? யுத்தத்தில் விழுந்த பலவான்கள். தூதர் இல்லை ஐயா, போர்வீரர்.

3. கல்லும் பேரும்

இது தமிழனுக்குப் புரியாத காரியம் இல்லை. நம்ம தேனி மாவட்டத்திலேயே, ஆண்டிபட்டி தாலுகா புலிமான்கோம்பையில் 2006-இல் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். அவற்றில் தமிழ்-பிராமி எழுத்து இருக்கிறது. ஒன்று, கூடலூர் மாடுபிடி சண்டையில் விழுந்த ஒருவனுக்காக நட்ட கல். ஆள் போய்விட்டான், பேர் மட்டும் கல்லில் நிற்கிறது. போரில் மாண்டவனைத் தமிழில் "பட்டான்" என்பார்கள். படுதல் என்றாலும் விழுதல்தான். பிற்காலத்தில் ஜனங்கள் அப்படிப்பட்ட கல்லுக்குப் பொங்கல் வைத்தார்கள், பயந்தார்கள், அதன்மேல் ஆணையிட்டார்கள்.

இப்போது ஆதியாகமம் 6:4-இன் கடைசியைப் பாருங்கள். எபிரெயத்தில் அவர்களைப் "பேருடைய மனுஷர்" என்று எழுதியிருக்கிறது. விழுதல், பலவான், பேர் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் நிற்கிறது. ரெப்பாயீம் என்கிற வார்த்தையும் அப்படித்தான். உபாகமத்தில் அது நெடிய ஜாதி. யோபு 26:5, நீதிமொழிகள் 2:18, ஏசாயா 14:9 ஆகிய இடங்களில் அதே வார்த்தை பாதாளத்தில் கிடக்கிற மரித்தோரைக் குறிக்கிறது. சீரியா தேசத்தில் 1929 முதல் தோண்டப்பட்ட உகாரித் பட்டணத்தின் களிமண் பலகைகளிலும் மாண்டுபோன ராஜாக்களை இந்த மாதிரிப் பேரால் அழைக்கிறார்கள். புறஜாதியார் மாண்ட வீரர்களைக் கண்டு நடுங்கினார்கள், அவர்களைக் கூப்பிட்டார்கள். ஏசாயா என்ன சொல்லுகிறார்? 26:14-ஐ வாசியுங்கள். அவர்கள் செத்தவர்கள், எழுந்திருக்கமாட்டார்கள் என்கிறார். அதே அதிகாரம் 19-ஆம் வசனத்தில் கர்த்தருடைய ஜனத்துக்கு உயிர்த்தெழுதலை வாக்குப்பண்ணுகிறார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!

மலைக்கு அந்தப்பக்கம் மறையூரில் பெரிய பெரிய கற்பலகைகளை வைத்துக் கட்டின பழங்கால ஈமச்சின்னங்கள் இருக்கின்றன. அங்கே அதற்கு முனியறை என்று பேர். தமிழ்நாட்டில் ஒரு ஊரில் இதே மாதிரிக் கல்லைப் பாண்டவர் வீடு என்கிறார்கள். இன்னொரு ஊரில் குள்ளர் வீடு என்கிறார்கள். கல் ஒன்றுதான். பார்த்தவன் ஒருவன் பெரிய ஆள் என்றான், ஒருவன் குள்ளன் என்றான். பேர் கல்லில் இல்லை, பார்த்தவன் மனசில் இருக்கிறது.

4. எலும்புக்கூடு போட்டோ

"அப்போ அந்த எலும்புக்கூடு போட்டோ, பாஸ்டர்?" என்று கேட்பீர்கள். ஒரு பெரிய மனுஷ எலும்புக்கூட்டைத் தோண்டி எடுப்பதுபோல ஒரு படம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது 2002-இல் ஒரு கம்ப்யூட்டர் படப்போட்டிக்காக ஒருவர் ஒட்டிச் செய்த படம். அடியில் இருப்பது அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தில் 2000-இல் மாஸ்டோடான் என்கிற பழங்கால யானை எலும்பைத் தோண்டின இடம். 2004 முதல் அது ஊர் ஊராய்ப் போனது. ஒருவர் சவுதி அரேபியாவில் கிடைத்தது என்றார். நம்ம நாட்டில் பீமன் மகன் கடோற்கஜனுடையது என்றார்கள். அதே படத்தை நம்மவர்கள் எடுத்து, இது நெபிலிம் என்றார்கள். அது பொய் என்று 2007-இல் நேஷனல் ஜியாகிரபிக் வெளிப்படையாக எழுதியது.

பிரியமானவர்களே, சத்தியத்துக்குப் பொய் முட்டுக்கொடுக்கவேண்டியதில்லை. வேதம் உண்மை என்று காட்ட ஒட்டுப்படம் தேவையில்லை. தயவுசெய்து இனி அதை யாருக்கும் அனுப்பாதிருங்கள்.

அப்படியானால் நெடிய மனுஷர் இருந்ததே இல்லையா? இருந்தார்கள், வேதம் சொல்லுகிறது. ஓக்கின் கட்டில் ஒன்பது முழம். ஒரு முழத்துக்குப் பதினெட்டு அங்குலம் போட்டால் பதின்மூன்றரை அடி. கவனியுங்கள், அளவு கட்டிலுக்கு, ஆளுக்கு அல்ல. கோலியாத்தின் உயரம் நம் வேதாகமத்தில் ஆறு முழமும் ஒரு சாணும், ஏறக்குறைய ஒன்பதே முக்கால் அடி. சவக்கடல் பக்கத்தில் 1952-இல் கண்டுபிடித்த குகையிலிருந்து எடுத்த சாமுவேல் சுருளிலும், பழைய கிரேக்கப் பிரதியிலும் நாலு முழமும் ஒரு சாணும், அதாவது ஆறே முக்கால் அடி. எந்தக் கணக்கை எடுத்தாலும் தாவீதைவிட அவன் உயரம்தான். எந்தக் கணக்கை எடுத்தாலும் ஒரு கூழாங்கல் போதுமாயிருந்தது! அல்லேலூயா!

தேவகுமாரர் யார் என்பதிலும் தேவபக்தியுள்ளவர்களுக்குள்ளே பல கருத்து உண்டு. தூதர் என்பார், சேத்தின் சந்ததி என்பார், கொடுங்கோல் ராஜாக்கள் என்பார். யூதாவின் நிருபம் 6-ஐக் காட்டி ஒருவர் பேசுவார், மத்தேயு 22:30-ஐக் காட்டி இன்னொருவர் பேசுவார். ஆராயுங்கள், தப்பில்லை. ஆனால் அதை வைத்து ஒருவனையும் தள்ளிவிடாதேயுங்கள்.

5. பயம் வைத்த பேர்

உபாகமம் 2-ஆம் அதிகாரத்தில் ஒரு அருமையான காரியம் மறைந்திருக்கிறது. மோவாபியர் அந்த நெடிய ஜனத்துக்கு ஏமியர் என்று பேர் வைத்தார்கள். ஏமியர் என்றால் பயங்கரமானவர்கள். அம்மோனியர் சம்சூமியர் என்று பேர் வைத்தார்கள். அது ஏதோ முணுமுணுக்கிற சத்தம்போல இருக்கிறது. அவர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பேர் இல்லை இது. பக்கத்தில் இருந்து பயந்தவன் வைத்த பேர்! ஆனாலும் 21-ஆம் வசனத்தில் என்ன நடந்தது? கர்த்தர் அவர்களை அழித்தார், அம்மோனியர் அந்த இடத்தில் குடியேறினார்கள். உடன்படிக்கைக்குப் புறம்பானவனுக்கே வழிவிட்ட இராட்சதன், தேவ ஜனத்துக்கு முன்பாக நிற்பானா?

இப்போது எண்ணாகமம் 13:33-க்கு வாருங்கள். நெபிலிமைக் கண்டோம் என்று சொன்னது யார்? மோசே சொல்லவில்லை. கர்த்தர் சொல்லவில்லை. பயந்துபோன பத்து வேவுகாரர் சொன்னார்கள். அதற்கு முந்தின வசனத்தில் வேதம் அதைத் துர்ச்செய்தி என்கிறது. ஜலப்பிரளயத்துக்கு முன்னே இருந்த ஒரு பேரைத் தேடி எடுத்து, எதிரே நின்ற ஆளுக்கு ஒட்டினார்கள். உடனே தங்களுக்கும் ஒரு பேர் வைத்துக்கொண்டார்கள். என்ன பேர்? வெட்டுக்கிளி!

பயம் எப்போதும் இப்படித்தான். அவனுக்குப் பெரிய பேர் வைக்கும், எனக்குச் சின்னப் பேர் வைக்கும். "நாங்க கூலி ஜனம்தானே பாஸ்டர், ஜீப்புல ஏறிப் போய்க் காய் எடுக்கிறவங்க, எங்களுக்கு என்ன?" என்று சொல்லுகிறீர்களே, அது பணிவு இல்லை, அது வெட்டுக்கிளி பாஷை. கடன்காரனுக்கு இராட்சதன் என்று பேர் வைத்தோம். குடிக்கு அடிமையான புருஷனுக்கு, "இவன் திருந்தவே மாட்டான்" என்று பேர் வைத்தோம். வியாதிக்குப் பேர் வைத்தோம்.

வேவுகாரர் இன்னொன்றும் சொன்னார்கள், அவர்கள் பார்வைக்கும் நாங்கள் அப்படியே இருந்தோம் என்று. போய்க் கேட்டார்களா? இல்லை. உண்மை என்ன என்று முப்பத்தெட்டு வருஷம் கழித்து எரிகோவில் ராகாப் சொன்னாள். யோசுவா 2:9-11. செங்கடல் செய்தியைக் கேட்ட நாள் முதல் தேசத்து ஜனங்கள் இருதயம் கரைந்துபோய் இருந்தார்களாம்! இவர்கள் அவர்களுக்குப் பயந்து வனாந்தரத்தில் செத்தார்கள். அவர்கள் இவர்களுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள்.

6. அந்த ஆறு விரல் பிள்ளை

2 சாமுவேல் 21:20-ஐ நிதானமாக வாசியுங்கள். காத் ஊரில் இருந்த ஒருவனுக்கு மொத்தம் இருபத்துநாலு விரல். அது அவனை அடையாளம் காட்டச் சொன்னது. அடுத்த வசனத்தில் அவன் ஏன் வெட்டுண்டான்? இஸ்ரவேலை நிந்தித்ததினால். விரலினால் இல்லை, வாயினால்! ஆறு விரல் சாபம் என்று ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரைக்கும் ஒரு வசனம் கிடையாது. ஆயிரம் பிள்ளைகளில் ஒன்றிரண்டு இப்படிப் பிறக்கிறது, வேண்டுமானால் சின்ன ஆபரேஷனில் சரிசெய்யலாம் என்று எந்த டாக்டரும் சொல்லுவார். சகல ஜாதியும் ஒரே இரத்தத்தினால் உண்டானது என்று அப்போஸ்தலர் 17:26 போதிக்கிறது. இரண்டாவது ஒரு இரத்தம் பூமியில் கிடையாது. கிறிஸ்துவின் இரத்தம் மூடாத மனுஷ வித்தும் கிடையாது.

அந்தச் சகோதரியிடம் நான் இதைத்தான் சொன்னேன். "அம்மா, பிள்ளைக்கு ஒரு விரல் கூடுதல். கர்த்தரைத் துதிக்க அவன் கை தட்டும்போது சத்தமும் கொஞ்சம் கூடுதலா இருக்கட்டும்."

7. இந்த மலையை எனக்குத் தாரும்

காலேபைப் பாருங்கள். அதே மலையைப் பார்த்தான், அதே ஆட்களைப் பார்த்தான். ஆனால் அவன் வாயிலிருந்து நெபிலிம் என்கிற வார்த்தை ஒரு தரமும் வரவில்லை. எண்ணாகமம் 14:9-இல் அவனும் யோசுவாவும் அந்த ஜனத்துக்கு வேறொரு பேர் வைத்தார்கள். எபிரெயத்தில் அது "நம்முடைய அப்பம்". பத்துப் பேர் பார்த்து இது தன் குடிகளைப் பட்சிக்கிற தேசம் என்றார்கள். இரண்டு பேர் பார்த்து இது நமக்குச் சாப்பாடு என்றார்கள்!

நாற்பத்தைந்து வருஷம் கழித்து, எண்பத்தைந்து வயதில், யோசுவா 14:12-இல் அவன் சமபூமியைக் கேட்கவில்லை. மலையைக் கேட்டான். ஏனாக்கியர் அங்கே இருக்கிறார்கள் என்று அவனே சொல்லுகிறான். உண்மையை மறைக்கவில்லை, பெரிதாக்கவும் இல்லை. 15:14-இல் சேசாய், அகீமான், தல்மாய் மூவரையும் துரத்தினான். இராட்சதன் மூன்று பேரும் பேர் சொல்லி எண்ணப்பட்ட மூன்று மனுஷராகிவிட்டார்கள்.

ஏலச்செடி ஆளைவிட உயரமாக வளரும். ஆனால் காய் எங்கே இருக்கிறது? தூரில், மண்ணை ஒட்டின சரத்தில். மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றால் கூடை நிறையாது. குனிகிறவனுக்குத்தான் காய். முழங்காலில் குனிகிற விசுவாசிக்குத்தான் மலை.

கடைசியாக ஒன்று. அந்த எப்ரோன் என்ன ஆயிற்று தெரியுமா? யோசுவா 20:7, 21:13. அது அடைக்கலப் பட்டணமாயிற்று. ஏனாக்கியரில் பெரியவனாகிய அர்பாவின் ஊர், பயந்து ஓடி வருகிறவனுக்குக் கதவு திறக்கிற ஊரானது. நீங்கள் இன்றைக்குப் பயப்படுகிற காரியத்தையே கர்த்தர் நாளைக்கு இன்னொருவருக்கு அடைக்கலமாக்க வல்லவர். ஆகையால் பேரை மாற்றுங்கள். சத்துருவுக்கு வைத்த பெரிய பேரையும் எடுத்துப்போடுங்கள், உங்களுக்கு வைத்துக்கொண்ட சின்னப் பேரையும் எடுத்துப்போடுங்கள்.

ஜெபம்: பரலோகப் பிதாவே, உம்முடைய வசனத்தை எங்கள் பயத்தினால் அல்ல, உம்முடைய வெளிச்சத்தினால் வாசிக்க எங்களுக்குக் கிருபை தாரும். இந்த மலைச்சரிவுகளில் பயத்தோடு வாழ்கிற ஒவ்வொரு தாயையும் பிள்ளையையும் தேற்றும். காலேபுக்குக் கொடுத்த வேறே ஆவியை எங்களுக்கும் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்! அல்லேலூயா!